டெல்டாவில் லாரி ஓட்ட வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஹெவி லைசென்ஸ் கையில் வாங்கிவிட்டு முதல் வண்டிக்காகக் காத்திருக்கிறவர்களும், கிளீனராக இருந்து ஓட்டுநர் சீட்டுக்கு மாறுகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. நெல், வைக்கோல், நிலக்கரி, உரம், தேங்காய் ஆகியவைதான் இங்கே பெரும்பாலான லோடு. அதனால் பதில்களும் அவற்றைச் சுற்றியே இருக்கும்.

எனக்கு 19 வயது. கார் லைசென்ஸ் இருக்கிறது. ஹெவி எப்போது எடுக்கலாம்?

20 வயது முடிய வேண்டும். அதோடு இலகுரக வாகன லைசென்ஸ் கைக்கு வந்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த பிறகுதான் சரக்கு வாகனத்துக்கான பழகுநர் உரிமம் கிடைக்கும். அரசின் பரிவாகன் சாரதி இணையதளத்தில் விண்ணப்பித்து, மருத்துவரிடம் படிவம் 1ஏ வாங்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் படிவம் 5 சான்றும் தேவை. பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். எடுத்த 30 நாளுக்குப் பிறகு தேர்வுக்குப் போகலாம். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019இல் எடுத்துவிட்டார்கள். பள்ளிப் படிப்பு நின்றுபோனவர்கள் அதற்காகத் தயங்க வேண்டாம்.

சரக்கு வாகன உரிமம் 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பெட்ரோல், டீசல், கேஸ் டேங்கர் ஓட்ட விரும்பினால் 3 நாள் தனிப் பயிற்சி எடுத்து உரிமத்தில் பதிய வேண்டும். அது 3 ஆண்டுக்குத்தான் செல்லும்.

பயிற்சிப் பள்ளி வண்டியில் பத்துப் பதினைந்து நாள் காலி லாரி ஓட்டினால் தேர்வில் தேறிவிடலாம். லோடு வண்டியை நிறுத்த அது கற்றுத் தராது. வசதி இருந்தால் கும்மிடிப்பூண்டியில் உள்ள சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக ஓட்டுநர் பயிற்சியோ, நாமக்கல்லில் உள்ள அசோக் லேலண்ட் பயிற்சி மையமோ நல்ல வழி. அதற்கு முடியாதவர்கள் ஒரு நெல் சீசன் முழுக்க நல்ல ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போவது மேல்.

சின்ன யானை, 407 போன்ற சின்ன லோடு வண்டி ஓட்டவும் ஹெவி வேண்டுமா?

வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு மேலே போனால் ஹெவி இல்லாமல் ஏறவே கூடாது. விபத்து என்றால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது உங்கள் லைசென்ஸைத்தான்.

முதலில் எந்த வண்டி நல்லது?

ஆறு சக்கர லாரி. நெல் கொள்முதல் நிலையத்துக்கும் கிடங்குக்கும் நடுவே ஓடும் 20, 30 கிலோமீட்டர் நடை. தூரம் குறைவு, ஆனால் ஒரே நாளில் ஏற்றுவது, கட்டுவது, எடை போடுவது, ரிவர்ஸ் எடுப்பது எல்லாம் வந்துவிடும். ஒரு சீசன் ஓட்டிவிட்டு பத்துச் சக்கர டாரஸுக்கு மாறலாம். டிரெய்லரை முதல் இரண்டு ஆண்டு நினைக்க வேண்டாம்.

வேலைக்குச் சேரும்போது ஓனரிடம் என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

மாதச் சம்பளமா, நடைக்கு இவ்வளவா, வாடகையில் பங்கா என்பதை முதலில் பேச வேண்டும். பேட்டா தனியா, அதற்குள்ளேயா? லோடு இறங்காமல் நாள் கணக்கில் நிற்கும்போது பேட்டா உண்டா? டெல்டாவில் இந்தக் கேள்விதான் முக்கியம், ஏனென்றால் ஓடும் நேரத்தை விட நிற்கும் நேரம் அதிகம். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், டோல் ஆகியவை யார் கணக்கு? ஓவர்லோடு அபராதம் ஓனர் கணக்கு, வேக அபராதம் ஓட்டுநர் கணக்கு என்று பிரித்துப் பேசிக்கொள்வது நியாயம். மூட்டை குறைந்தால் யார் கொடுப்பது என்பதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

பேசியதை ஒரு நோட்டில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அசல் லைசென்ஸை மட்டும் எந்த ஓனரிடமும் ஒப்படைக்காதீர்கள். நகல் கொடுத்தால் போதும். உங்கள் லைசென்ஸ் அவர் மேசையில் இருக்கும்வரை சம்பளம் பேச உங்களுக்கு வாய் வராது.

வண்டியில் என்னென்ன பேப்பர் இருக்க வேண்டும்?

ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று), சாலை வரி ரசீது, புகைச் சான்று, உங்கள் லைசென்ஸ். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ காட்டினாலும் செல்லும். ஆனால் போனில் சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் நிறுத்துவார்கள். நகல் ஒரு செட் டாஷ்போர்டில் இருக்கட்டும்.

சரக்குக்கு பில்லும், ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் இ-வே பில்லும். வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வரியுள்ள சரக்கு போனால் இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு 1 லட்சம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகும். அதில் உள்ள வண்டி எண்ணும் உங்கள் நம்பர் பிளேட்டும் ஒன்றா என்று கிளம்பும் முன் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வழியில் வண்டி நின்று வேறு வண்டிக்கு லோடு மாற்றினால் புது எண்ணைப் பதியச் சொல்லி அலுவலகத்துக்குப் போன் செய்த பிறகே அந்த வண்டி நகர வேண்டும். காலாவதி நெருங்கினால், முடியும் நேரத்துக்கு 8 மணி முன்னும் 8 மணி பின்னும் நீட்டித்துக்கொள்ளலாம்.

காலையில் வண்டி எடுக்கும் முன் எதைப் பார்ப்பது?

பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். எஞ்சின் சூடாகும் முன் ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு அளவு பாருங்கள். கூலன்ட் பார்க்கும்போது சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். பக்கத்து டப்பாவில் கோடு தெரியும். டீசல் ஃபில்டருக்குக் கீழே உள்ள குமிழில் தண்ணீர் தேங்கியிருந்தால் திருகித் திறந்து வடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் இது அடிக்கடி சேரும்.

டயருக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பின்பக்க ஜோடி டயரில் உள்ளே இருப்பது காற்றில்லாமல் போனாலும் வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. வெளி டயர் தனியாக இரண்டு டயர் சுமையையும் தாங்கும், சூடேறும், நாற்பது ஐம்பது கிலோமீட்டரில் வெடிக்கும். அதனால் ஜாக்கிக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக் கேளுங்கள். காற்று சரியாக இருந்தால் கம்பி துள்ளி எழும்பி, டங் என்று சத்தம் வரும். குறைந்திருந்தால் தொப்பென்று அமுங்கும். ஜோடிக்கு நடுவே கல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். கப்பி ரோட்டில் ஏறி இறங்கும் வண்டிகளில் தினமும் ஒன்றாவது இருக்கும்.

வீல் நட்டில் இருந்து துரு நிறத்தில் கோடு வழிந்திருந்தால் அந்த நட்டு லூசாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டயர் கழற்றி மாட்டிய வண்டி என்றால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் இடது பக்க நட்டு எதிர்த்திருகாக இருக்கும். தெரியாமல் மிதித்து இறுக்கினால் போல்ட்டு முறியும்.

ஏர் பிரேக் பற்றிப் பயமாக இருக்கிறது. எப்படிப் புரிந்துகொள்வது?

காரில் காலின் அழுத்தமே பிரேக்கைப் பிடிக்கும். லாரியில் பிடிப்பது டாங்கில் அடைத்திருக்கும் காற்று. உங்கள் கால் அதைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே காற்று இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஸ்டார்ட் செய்து காற்றழுத்த மீட்டர் 7 பார் அளவுக்கு ஏறும்வரை வண்டியை எடுக்காதீர்கள். ஓடும்போது 5 பாருக்குக் கீழே வந்து பஸ்ஸர் அடித்தால் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

கசிவு பார்க்க எளிய வழி உண்டு. காற்று நிரம்பியதும் வண்டி உருளாதபடி கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடித்தபடி ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். மிதித்த உடனே கொஞ்சம் இறங்கி நிற்பது இயல்பு. அதற்குப் பிறகும் கண்ணெதிரே இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. இன்னொருவரைச் சுற்றி வரச் சொன்னால் புஸ் என்ற சத்தம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

டாங்கின் அடியில் உள்ள வளையத்தை இழுத்துத் தண்ணீரை வடிப்பது தினசரி வேலை. தண்ணீர் சேரச் சேரக் காற்றுக்கு இடம் குறையும். நாலு முறை மிதித்ததுமே மீட்டர் விழும்.

காற்று முழுதாகப் போய்விட்டால் பின் சக்கரத்தை ஸ்பிரிங் பிரேக் தானே பூட்டிவிடும். அது உங்களைக் காப்பாற்றத்தான். நடுவழியில் வண்டியை நகர்த்த வேண்டுமே என்று அந்த ஸ்பிரிங்கைப் போல்ட்டால் இழுத்து விடுவித்தால் அப்புறம் வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. கட்டை வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

டெல்டா தட்டை நிலம். இங்கேயே பழகியவர்கள் ஓசூர், பெங்களூர் லோடு எடுத்துப் போய்த் திரும்பும்போது தர்மபுரி தொப்பூர் கணவாயில்தான் முதன்முதலாக நீண்ட இறக்கத்தைப் பார்ப்பார்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையை அடைத்து வேகம் குறைப்பது) போட்டு இறங்க வேண்டும். காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் லைனிங் காய்ந்து பிடிக்காமல் போகும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரைக் கொடுத்து டீசல் வாங்குவது.

நெல் எத்தனை மூட்டை ஏற்றலாம்?

ஆர்.சி.யில் இரண்டு எடை இருக்கும். மொத்த எடை ஒன்று, வெற்று எடை ஒன்று. 2018இல் மாற்றிய அளவின்படி ஆறு சக்கர லாரிக்கு மொத்த எடை 18.5 டன் வரை போகும். பத்துச் சக்கர டாரஸ் பெரும்பாலும் 28 டன்னுக்குப் பதிவாகியிருக்கும். உங்கள் வண்டிக்கு உங்கள் ஆர்.சி.யில் உள்ளதே சட்டம்.

ஒரு டாரஸின் மொத்த எடை 28,000, வெற்று எடை 9,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 18,200. இதை அப்படியே ஏற்றக் கூடாது. வெற்று எடைக் கணக்கில் ஓட்டுநரும் உதவியாளரும் சேரமாட்டார்கள். அவர்கள், நிறைந்த டீசல், படுதா, கயிறு எல்லாவற்றுக்கும் ஒரு 400 கிலோ தள்ளுங்கள். மிச்சம் 17,800. அரசு கொள்முதல் மூட்டை 40 கிலோ நெல். சணல் சாக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேலே. மூட்டைக்கு 40.6 என்று வகுத்தால் 438 வருகிறது. இதே கணக்கில் 6,700 கிலோ வெற்று எடை உள்ள ஆறு சக்கர வண்டிக்கு 280 மூட்டை. மழையில் நனைந்த சாக்கும் படுதாவும் கூடுதல் எடை. அன்றைக்குப் பத்து மூட்டை குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணைக் கேபினுக்குள் ஒரு அட்டையில் எழுதி ஒட்டி வையுங்கள். கொள்முதல் நிலையத்தில் பேச்சு வரும்போது கை காட்ட ஒரு எண் வேண்டும்.

ஓனர் கூடுதலா நாலு டன் ஏத்தச் சொல்றார். என்ன பண்றது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194இன்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதிகமாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. நாலு டன் என்றால் 28,000. அதிகச் சுமையை இறக்கிய பிறகே வண்டி நகரும். எடை போட நிறுத்தாமல் போனால் 40,000. இதெல்லாம் ஓனர் கட்டலாம். ஆனால் ஓவர்லோடுக்கு உங்கள் லைசென்ஸை 3 மாதம் முடக்கும் நடைமுறை இருக்கிறது. அந்த மூன்று மாதச் சம்பளத்தை எந்த ஓனரும் கொடுப்பதில்லை. இதை அவரிடம் மரியாதையாக, இந்தக் கணக்கோடு சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்வார்கள். கேட்காத இடத்தில் இருந்து விலகுவதுதான் சரி என்பது எங்கள் கருத்து.

இதே மூன்று மாத முடக்கம் சரக்கின் மேல் ஆள் ஏற்றினாலும் உண்டு. சுமை தூக்கும் அண்ணன்மார் மூட்டை மேல் உட்கார்ந்து அடுத்த நிலையம்வரை வருகிறோம் என்பார்கள். தாழ்ந்த கம்பியோ புளியங்கிளையோ போதும். ஏற்றாதீர்கள்.

மூட்டை அடுக்குவதும் படுதா கட்டுவதும் சுமைதூக்குகிறவர்கள் வேலைதானே?

அடுக்குவது அவர்கள். சரியாமல் கொண்டு சேர்ப்பது நீங்கள். ஏற்றும்போது கேபினில் தூங்காமல் கீழே நில்லுங்கள்.

செங்கல் சுவரில் ஒரு வரிசையின் இணைப்பு மேல் அடுத்த செங்கல் வருவது போல, ஒரு வரிசை நீளவாக்கில் என்றால் அடுத்தது குறுக்கே வர வேண்டும். ஒரே திசையில் அடுக்கினால் திருப்பத்தில் ஒரு பத்தி முழுக்கச் சாயும். ஓர மூட்டைகள் நடுவைப் பார்த்துச் சற்றே சரிந்திருக்கட்டும். சணல் சாக்கு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும்; அதற்கு ஒரு வரிசை உயரம் குறைத்துக் கயிறு இரண்டு சுற்று கூட்டுங்கள். பின்பக்கம் மட்டும் குவிந்தால் முன் சக்கரம் இலேசாகி ஸ்டீரிங் மிதப்பது போலத் தெரியும். அப்படித் தெரிந்தால் மாற்றி அடுக்காமல் நகராதீர்கள்.

இரண்டு படுதா போடும்போது பின்பக்கத்தை முதலில் விரித்து, முன்பக்கத்தை அதன் மேல் இரண்டு மூன்று அடி ஏறும்படி போட வேண்டும். மாற்றிப் போட்டால் எதிர்காற்று இடுக்கில் புகுந்து படுதாவைத் தூக்கும், மழையும் உள்ளே இறங்கும். ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பகலில் படுதாவுக்கு அடியில் நின்று மேலே பாருங்கள். ஊசிக்கண் அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே மூட்டை நனையும். நனைந்த நெல் இரண்டு நாளில் முளைவிடும், கிடங்கில் திருப்புவார்கள்.

கிளம்பி 20, 30 கிலோமீட்டரில் நிறுத்திக் கயிற்றைத் தட்டிப் பாருங்கள். குலுங்கலில் மூட்டை அமர்ந்திருக்கும், கயிறு தொய்ந்திருக்கும். மறுபடி இழுத்துக் கட்டினால் கடைசிவரை நிற்கும்.

கிடங்கிலும் கூட்ஸ் ஷெட்டிலும் ஏன் இத்தனை நேரம் நிற்க வேண்டியிருக்கிறது?

வெளி மாவட்டத்துக்கு நெல் கொண்டுபோகும் ஒரு சரக்கு ரயிலில் வழக்கமாக 42 வேகன், 2,000 டன் நெல் போகும். 17.8 டன் ஏற்றும் டாரஸ் 112 நடைக்கு மேல் வந்தால்தான் அது நிரம்பும். ரயில் வரும் நாளில் அத்தனை வண்டியும் ஒரே வாசலில். மழை வந்தால் இறக்கவும் முடியாது.

நிற்கும்போது செய்ய வேண்டியவை இருக்கின்றன. வந்த தேதி, நேரத்தைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஹால்டிங் (நின்ற நாட்களுக்கான பணம்) கேட்க அதுதான் ஆதாரம். எடைக் குறைவு வந்தாலும் அதுதான் உங்களுக்குத் துணை. 17 சதவீத ஈரப்பதத்தில் பிடித்த நெல் நாலு நாள் சித்திரை வெயிலில் நின்றால் ஈரம் இறங்கி எடையும் குறையும். மூட்டை ஒன்றுகூடக் காணாமல் போயிருக்காது. ஏற்றும்போது எண்ணியது போலவே இறக்கும்போதும் நீங்களே எண்ணுங்கள். பத்துப் பத்தாகக் கோடு போட்டுக்கொண்டால் தவறாது. கிழிந்த சாக்கை ஏற்றும் இடத்திலேயே மாற்றச் சொல்லுங்கள். இரவில் பின்கதவு சுவரை ஒட்டி இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள்.

வாய்க்கால் கரைச் சாலையில் எப்படிப் போவது?

கொள்முதல் நிலையங்கள் பெரும்பாலும் கிராமத்துக்குள், ஆற்றுக் கரையை ஒட்டி இருக்கும். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, கல்லணைக் கால்வாய் என்று எந்தக் கரையாக இருந்தாலும் ஆபத்து ஒன்றுதான்: தார் முடிந்த இடத்தில் இருந்து அடுத்த இரண்டு அடி. மேலே புல் பச்சையாக, கெட்டியாகத் தெரியும். கீழே வண்டல் களி. மழைக்குப் பிறகு அதில் 28 டன் ஏறினால் கரை வாய்க்காலுக்குள் நழுவும்.

எதிரே வண்டி வந்தால் வாய்க்கால் பக்கம் ஒதுங்காதீர்கள். அகலமான இடத்தில், மதகுத் திட்டிலோ களத்து மேட்டிலோ, முன்கூட்டியே நின்று அவரை விடுங்கள். பேருந்து நேரம் என்ன என்று டீக்கடையில் கேட்டுவிட்டுக் கரையில் ஏறுவது நல்ல பழக்கம். சின்ன மதகுகளில் எடைப் பலகை இருந்தால் அதை மதியுங்கள். பலகை இல்லாவிட்டால் இறங்கிக் கீழே குனிந்து பாருங்கள். செங்கல் வளைவில் விரிசலோ கல் உதிர்ந்த குழியோ தெரிந்தால் காலி வண்டியாக மட்டும் போகலாம். லோடை வேறு வழியில் எடுங்கள்.

அணைக்கரையில் கொள்ளிடத்தின் கீழணை மேல் போகும் பழைய பாலத்தில் கனரக வண்டிக்குத் தடை. அணை 1836இல் கட்டியது. நீலத்தநல்லூர்–மதனத்தூர் பாலம் வழியாகச் சுற்றிப் போகும் வழி இருக்கிறது. போன் மேப்புக்கு நீங்கள் ஓட்டுவது லாரி என்று தெரியாது. பைக் போகும் கரையையும் குறுக்கு வழி என்றே காட்டும்.

சக்கரம் இறங்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். சுற்றச் சுற்றக் குழி ஆழமாகும். வண்டி சாய்ந்திருந்தால் உயரமான பக்கமாக இறங்குங்கள். பாதி லோடையாவது இறக்கிவிட்டு, சக்கரத்தின் முன் கப்பியோ பலகையோ போட்டு, டிராக்டரோ ஜேசிபியோ முன்கொக்கியில் மாட்டி இழுப்பதுதான் வழி. லோடோடு இழுத்தால் சேஸிஸ் முறுக்கும்.

ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தால்?

வேகத்தைக் குறைத்து, பிரேக்கையும் ஸ்டீரிங்கையும் திடீரென்று தொடாமல் கடந்து போங்கள். நெல்மணி டயருக்கு அடியில் உருளும். அழுத்தமாகப் பிரேக் போட்டால் வண்டி வழுக்கும். பகலை விட இரவுதான் மோசம். குவித்து, கறுப்புத் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் கருங்கல் வைத்திருப்பார்கள். கறுப்பு ரோட்டில் கறுப்புப் பாய் தெரியாது. அறுவடைக் காலத்தில் கிராமச் சாலையில் இரவு 40க்கு மேல் வேண்டாம். அந்த நெல் ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. ஏற்றிக் கடப்பது தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

வைக்கோல் லோடு எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் இதில் எடையை விட அளவுதான் சிக்கல். சரக்கு வண்டியின் உயரம் 4 மீட்டர், அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வெளியே துருத்தினால் அதற்கும் 20,000 அபராதம். டெல்டா கிராமங்களில் மின்கம்பி வயலுக்கு மேலே தொய்ந்து தொங்கும். உரசினால் ஒரு பொறி போதும். லோடு ஏற்றும் முன் காலி வண்டியில் வெளியேறும் வழி முழுக்கப் பார்த்து வாருங்கள். கம்பி தாழ்ந்திருந்தால் மின்வாரியத்தில் சொல்லி நிறுத்திய பிறகு கடங்கள். கம்பால் தூக்கிவிடுகிறேன் என்று யாராவது மேலே ஏறினால் அனுமதிக்காதீர்கள்.

கம்பி வண்டியைத் தொட்டுவிட்டால் கேபினிலேயே இருங்கள். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலும் சேர்த்துக் குதித்து, காலைச் சேர்த்தபடியே தத்தித் தத்தி விலகுங்கள். கம்பித் தொடர்பு இல்லாமல் வைக்கோல் மட்டும் பற்றிக்கொண்டால், வீடும் வைக்கோல் போரும் இல்லாத வெளிக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி 101க்குச் சொல்லுங்கள்.

காரைக்கால் துறைமுக நிலக்கரி லோடு பற்றி?

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். நாகூர் தாண்டியதும் மாநில எல்லை. அதனால் நேஷனல் பெர்மிட்டும் அதன் ஆண்டு அங்கீகாரமும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். நிலக்கரியைப் படுதா மூடாமல் எடுத்தால் பின்னால் வரும் பைக்காரர் கண்ணில் தூள் விழும்.

அங்கிருந்து மதுப் பாட்டில் கொண்டுவரச் சொல்லிக் கேட்பார்கள், தெரிந்தவர்களே கேட்பார்கள். தமிழ்நாட்டுக்குள் பிடிபட்டால் வழக்கு உங்கள் மேல், பறிமுதல் ஓனர் வண்டி. கேபினில் வேறு யாருடைய பெட்டியையும் திறந்து பார்க்காமல் வைக்காதீர்கள்.

பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியில் யூரியா ஊற்றச் சொல்கிறார்களே, வயல் யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா?

கூடாது. வண்டிக்கானது உப்பு நீக்கிய தண்ணீரில் 32.5 சதவீதம் சுத்த யூரியா கலந்தது. வயல் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கும்; நம் ஊர்த் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஊசித்துளையை அடைக்கும். சென்சார் கண்டுபிடித்து எஞ்சின் இழுவையைக் குறைத்துவிடும். யூரியா டாங்கின் நீலமூடிக்குள் டீசல் ஊற்றிவிடும் தவறும் அடிக்கடி நடக்கிறது. ஊற்றிவிட்டால் சாவியே போடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சாவி போட்டால் பம்ப் ஓடிக் குழாய் முழுக்க டீசலை ஏற்றிவிடும்.

தூக்கம் வந்தால் என்ன செய்வது?

தூங்குங்கள். இரவு 2 முதல் 5 மணிவரை உடம்பு தானே படுக்கக் கேட்கும். டீயும் பாட்டும் பத்து நிமிடம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி இறங்கி நில்லுங்கள். மூன்று கிலோமீட்டர் கடந்தது நினைவில்லை என்று தோன்றினால் அதுவே கடைசி எச்சரிக்கை.

எந்த நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும்?

ஆகஸ்ட் கடைசி வாரம் முதல் செப்டம்பர் 8வரை வேளாங்கண்ணித் திருவிழா. திருச்சி, தஞ்சாவூர் வழியாகப் பாதயாத்திரைக் கூட்டம் வெயிலுக்குப் பயந்து இரவிலும் விடியலிலும் நடக்கும். எதிர்வண்டியின் வெளிச்சத்தில் அவர்கள் மறைந்துபோவார்கள். டிப் அடித்து, 30, 40இல் போங்கள். மார்கழி, தையில் விடியற்காலைப் பனிமூட்டம். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், டிப்பில் ஓட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய தண்ணீரைக் கடந்த பிறகு பிரேக்கை இலேசாகத் தொட்டுத் தொட்டு லைனிங்கைக் காயவிடுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்?

வண்டியை நிறுத்தி 108க்குச் சொல்லுங்கள். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது சட்டப்படி உங்கள் கடமை. கூட்டம் கை வைக்கும் நிலை இருந்தால் விலகலாம், ஆனால் அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அடிபட்டவர் பணம் கட்ட வேண்டியதில்லை. பணம் இல்லையே என்று தனியார் வாசலில் நேரம் போக்காதீர்கள், திட்டத்தில் உள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1)இன்படி 5 ஆண்டுவரை சிறை. தப்பி ஓடினால் 10 ஆண்டு என்ற 106(2) பிரிவு, 2024 ஜூலை 1இல் சட்டம் அமலுக்கு வந்தபோது நிறுத்திவைக்கப்பட்டது. அது இல்லாவிட்டாலும் ஓடிப்போனவர் பக்கம் எந்த நீதிமன்றமும் சாயாது.

நெல் சீசன் முடிந்தால் வேலை இருக்குமா?

குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபர். சம்பா, தாளடி ஜனவரி முதல் மார்ச்வரை. அந்த மாதங்களில் வண்டி நிற்காது. மற்ற நாட்களில் சாகுபடிக்கு முந்தி கூட்ஸ் ஷெட்டில் இறங்கும் உர மூட்டை, அரியலூர் சிமெண்ட், பட்டுக்கோட்டை, பேராவூரணித் தேங்காய், கோடையில் வேதாரண்யம் உப்பு. உப்பு ஏற்றிய வண்டியை இறக்கிய அன்றே அடிச்சட்டம்வரை தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிரேக் குழாயையும் ஸ்பிரிங் பட்டையையும் உப்பு சத்தமில்லாமல் தின்றுவிடும். ஜூன், ஜூலையில் லோடு மந்தமாக இருக்கும்போதே எஃப்.சி. வேலை, பிரேக் லைனிங், படுதாத் தையல் மூன்றையும் ஓனரிடம் சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசியில் எல்லா வண்டியும் பட்டறை வாசலில் நிற்கும்.